மெட்ராஸில் ஓராண்டு, ஊட்டாவில் மூன்று மனைவியர்: ரிச்சர்ட் பாலன்டைனின் குடும்பத்தைத் தேடுகிறோம்

பழைய_கணக்கர் (கோவை)

வணக்கம். ஊர், குலம், கல்வெட்டு என்று பேசுகிற இந்தப் பகுதிக்குள் ஓர் அமெரிக்கக் கதையைக் கொண்டுவருகிறேன். கதையின் நடுவில் மெட்ராஸ் வருகிறது என்பதால்தான் இந்தத் துணிச்சல்.

என் மகன் ஊட்டா மாநிலத்தில் ஆக்டன் நகரில் இருக்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண், மார்மன் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம். அவளுடைய பாட்டியின் தாத்தா, ரிச்சர்ட் பாலன்டைன் என்பவரின் மகன். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்து, மார்மன் சபையில் சேர்ந்து, மாட்டுவண்டியில் ஊட்டா போய்ச் சேர்ந்த முன்னோடிகளில் ஒருவர். சம்பந்தியம்மாள் சொல்லும் வரலாறு இது: அவர் மெட்ராஸில் ஐந்து ஆண்டுகள் தங்கினார், ஒரு ஜமீன் குடும்பமே அவரிடம் ஞானஸ்நானம் பெற்றது, ஊர் திரும்பி மனைவி ஹல்டாவோடு வாழ்ந்தார், அந்த ஹல்டாவின் வழியில் வந்தவர்கள்தான் தாங்கள்.

பேரன் பிறந்திருக்கிறான். இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதிவைக்க வேண்டும் என்று மருமகள் ஆசைப்படுகிறாள். என் பக்கத்தில் நான்கு தலைமுறைக்கு மேலே கிரயப் பத்திரத்தில் இருக்கும் பெயர்களைத் தவிர ஒன்றும் இல்லை. அவர்கள் பக்கத்தில் பத்துத் தலைமுறையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நான் தணிக்கைத் துறையில் காலம் கழித்தவன். இவ்வளவு சுத்தமான கணக்கைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அவர் மெட்ராஸில் உண்மையில் எத்தனை காலம் இருந்தார், அவருக்கு எத்தனை மனைவியர், என் மருமகள் யார் வழி: இந்த மூன்றையும் எங்கே போய்ப் பார்ப்பது? வழி சொல்லுங்கள்.

வாசாட்ச்_வாசி (சால்ட் லேக் சிட்டி)

ஐயா, நீங்கள் சொல்லும் மனிதர் இங்கே தெரியாதவர் இல்லை. மார்மன் சபையின் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் என்று எல்லாரும் அறிவார்கள். 1849 டிசம்பர் 9 அன்று, சால்ட் லேக் நகரின் பதினான்காம் வட்டத்தில் (வட்டம் என்பது சபையின் ஊர்ப்பிரிவு) இருந்த தன் சொந்த வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி நடத்தினார்.

எனக்குத் தெரிந்த வரிசை இது. 1817 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தின் ராக்ஸ்பரோ வட்டாரத்தில் பிறப்பு. ரொட்டிக் கடையில் தொழில் பழகியவர். 1842 டிசம்பரில் மார்மன் ஞானஸ்நானம். 1843-இல் தாய், உடன்பிறந்தவர்களோடு கப்பலேறி, இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரம் வந்து சேர்ந்தார். அன்று மார்மன்களின் தலைமை ஊர் அதுதான். 1846-இல் அங்கே வயலில் அறுவடை செய்துகொண்டிருந்தபோது எதிர்ப்பாளர் கும்பல் ஒன்று இவரையும் இன்னும் நால்வரையும் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு வாரம் போல அலைக்கழித்தது. 1847 பிப்ரவரியில் ஹல்டா மரியா கிளார்க்கோடு திருமணம். 1848-இல் ஊட்டா.

1852 ஆகஸ்ட் மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வெளிநாட்டு ஊழியம், அதாவது மதப் பிரசாரப் பணி, அறிவித்தார்கள். பாலன்டைனுக்கு விழுந்தது இந்தியா. அன்றைக்கு மேற்கே கலிஃபோர்னியா போய்த்தான் கப்பலேற வேண்டும். 1853 ஜனவரி 29 அன்று 'மான்சூன்' என்ற கப்பலில் பதின்மூன்று பேர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார்கள். இந்தியாவுக்கு ஒன்பது பேர், சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) நால்வர். ஏப்ரல் கடைசியில் கல்கத்தா. அங்கிருந்து பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் மூவரும் 'ஜான் பிரைட்மேன்' என்ற கப்பலில் மெட்ராஸ். வழியில் கப்பல் தலைவரே மனம் மாறி ஞானஸ்நானம் பெற்றாராம். மெட்ராஸ் வந்தது 1853 ஜூலைக் கடைசி. பாலன்டைன் மெட்ராஸை விட்டது 1854 ஜூலைக் கடைசி.

ஆக ஓராண்டுதான், ஐயா. ஐந்தாண்டு இல்லை. ஜமீன் கதையும் அவர்களுடைய ஊழியத்தின் போக்குக்குப் பொருந்தவில்லை. ஆங்கிலம் பேசிய ஐரோப்பியர், யூரேசியர், பட்டாளத்துக்காரர்கள்தான் அவர்களைக் கேட்க வந்தவர்கள். துண்டுப் பிரசுரங்களும் 1854-இல் மெட்ராஸில் அவர் நடத்திய மாத இதழும் ஆங்கிலம்.

ஆவணக்காக்கை

கணக்கர் ஐயா, சுவரில் மாட்டிய மரத்தைச் சந்தேகித்தது நல்லது. மார்மன் முன்னோர்களைத் தேடுவதில் ஆவணப் பஞ்சமே கிடையாது. தொல்லையே அந்த மிகுதிதான். இணையத்தில் இருக்கும் குடும்ப மரங்களில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒரே பிழை நாற்பது இடத்தில் இருந்தால் நாற்பது சாட்சி என்று நினைத்துவிடக் கூடாது, சாட்சி ஒன்றே. எந்தத் தகவலாக இருந்தாலும், அந்த நிகழ்வு நடந்த காலத்திலேயே, அதை அறிந்த ஒருவர் எழுதியதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, பாலன்டைனைத் தேடாதீர்கள். அவரைப் பற்றி ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. அவருடைய நாட்குறிப்புகள் சால்ட் லேக்கில் சபையின் வரலாற்று நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவரைச் சுற்றியிருந்த பெண்களைத் தேடுங்கள். தாய் ஆன் பானர்மன், சகோதரி ஜேன், மனைவி ஹல்டா, மெட்ராஸிலிருந்து திரும்பிய பிறகு மணந்த மேரி பியர்ஸ், கரோலைன் சாண்டர்சன். ஆம், மூன்று மனைவியர். உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை அங்கேதான்.

கறுப்பர்_நகரம் (சென்னை)

மெட்ராஸ் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1853-இல் மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைசேர்ப்பது மசூலாப் படகு: ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னை நாரால் தைத்த படகு. ஆணி அடித்த படகு அந்த அலையில் இரண்டு மோதலில் பிளந்துவிடும். தைத்தது நெளிந்து கொடுக்கும். பாலன்டைனும் இரண்டு தோழர்களும் அப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும், வேறு வழி இல்லை. ராயபுரத்திலிருந்து ரயில் ஓடுவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர். கோட்டை, கறுப்பர் நகரம், பரங்கிமலைப் பட்டாளம், இவ்வளவுக்குள்தான் அவர்கள் நடமாட்டம்.

தேடுவதற்கு வருவோம். பலரும் ஓடிப்போய்ப் பார்ப்பது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் திருச்சபைப் பதிவேடுகளை. அவற்றில் மெட்ராஸுக்கு என்2 என்று தனி வரிசையே உண்டு. ஆனால் அவை ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கான ஏடுகள். பாலன்டைன் இங்கே பிறக்கவும் இல்லை, மணக்கவும் இல்லை, சாகவும் இல்லை. ஆற்றிலோ கடலிலோ அவர் முழுக்கிக் கொடுத்த ஞானஸ்நானத்தை ஆங்கிலிக்கன் பாதிரியார் தன் ஏட்டில் எழுதியிருக்கமாட்டார். அங்கே நேரத்தைக் கொட்டாதீர்கள்.

பயன்படக்கூடியவை இரண்டு. ஒன்று, அக்கால மெட்ராஸ் ஆங்கிலச் செய்தித்தாள்களில் வரும் கப்பல் வரத்துப் பகுதி. கப்பலின் பெயர், தலைவர் பெயர், எங்கிருந்து வந்தது, பயணிகள் யார் என்று வரி வரியாக இருக்கும். இரண்டு, அதே தாள்களின் வாசகர் கடிதங்கள். 1852 ஆகஸ்டில்தான் மார்மன் சபை பலதார மணத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இவர்கள் இந்தியா வருவதற்குள் அந்தச் செய்தியும் வந்துவிட்டது. இந்தியா முழுவதும் பத்திரிகைகள் இவர்களைப் பிடித்துக்கொண்டன. ஒருவரைத் திட்டி எழுதிய கடிதத்தில் இருக்கும் முகவரியும் தேதியும், புகழ்ந்து எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருப்பதைவிட நம்பகமானவை என்பது என் அனுபவம்.

வடமராட்சியான்

வணக்கம். இதில் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மான்சூன் கப்பலில் சயாமுக்கென்று வந்த நால்வரில் சான்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி இருவரும் சயாம் போக வழியில்லாமல் 1853-இல் இலங்கைக்கு வந்தார்கள். இங்கும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை, பம்பாய்க்குப் போய்விட்டார்கள். அமெரிக்க மிஷனரிகள் என்றால் யாழ்ப்பாணத்தில் 1816 முதலே வேரூன்றி, வட்டுக்கோட்டையில் செமினரி நடத்திக்கொண்டிருந்தவர்கள்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். அவர்களுக்குப் பின்னால் பணமும் அச்சகமும் மருத்துவமும் இருந்தன. மார்மன்காரர்கள் பையும் பணமும் இல்லாமல் போக வேண்டும் என்ற விதியோடு வந்தவர்கள். இந்த மண்ணில் அது எடுபடவில்லை.

அந்த நால்வரில் இன்னொருவர் லீவை சாவேஜ். அவர் பர்மாவுக்குப் போனார். ஊர் திரும்பும் வழியில், 1856-இல் வில்லி என்பவர் தலைமையில், சாமான்களைக் கைவண்டியில் இழுத்துக்கொண்டு ஊட்டாவுக்கு நடந்துபோன கூட்டத்தோடு சேர்ந்தார். பருவம் கடந்துவிட்டது, இப்போது கிளம்பினால் மலையில் பனியில் மாட்டிக்கொள்வோம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவர் அவர்தான். கேட்கவில்லை. அவரும் கூடவே போனார். அந்த ஆண்டு வில்லி, மார்ட்டின் ஆகிய இரு கூட்டங்களிலும் சேர்த்து இருநூறு பேருக்கு மேல் குளிரிலும் பசியிலும் இறந்தார்கள். பாலன்டைன் ஓராண்டு முந்தித் திரும்பியதால் அந்தக் கொடுமையைக் காணவில்லை.

வாசாட்ச்_வாசி

அண்ணா, நல்ல இடத்தில் எடுத்துக் கொடுத்தீர்கள். பாலன்டைன் மெட்ராஸிலிருந்து நேரே அமெரிக்கா போகவில்லை. இங்கிலாந்து போனார். 1855 ஜனவரி 17 அன்று லிவர்பூலிலிருந்து 'சார்ல்ஸ் பக்' கப்பலில் நானூறு சொச்சம் மார்மன் குடியேறிகளுக்குத் தலைவராக நியூ ஆர்லியன்ஸ் வந்தார். பிறகு கேன்சஸ் எல்லையில் அட்சிசன் ஊருக்கு அருகே இருந்த முகாமிலிருந்து ஒரு மாட்டுவண்டிக் கூட்டத்தை நடத்திக்கொண்டு ஊட்டா சேர்ந்தார். சபையின் பதிவில் அது ரிச்சர்ட் பாலன்டைன் குழு, 1855: சுமார் 402 பேர், 45 வண்டிகள், செப்டம்பர் 25 அன்று சால்ட் லேக். மேற்கே கிளம்பியவர் மேற்கேயே போய்க் கிழக்கு வழியாக வீடு சேர்ந்திருக்கிறார். சூயஸ் கால்வாய் திறக்காத காலத்தில் உலகைச் சுற்றிய மனிதர்.

கணக்கர் ஐயா, இந்தக் குழுக்களின் பெயர்ப்பட்டியல் சபையின் வரலாற்றுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1847 முதல் 1868 வரை வண்டியிலும் கைவண்டியிலும் வந்தவர்களைக் குழுவாரியாகத் தேடலாம். 1869 மே 10 அன்று ரயில் பாதை ஊட்டாவில் இணைந்தது. அதற்கு முன் வந்தவரே முன்னோடி என்பது இங்குள்ள கணக்கு. 1855 குழுவின் பட்டியலை எடுத்து, அதில் பியர்ஸ் என்ற குடும்பப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்தில் மனைவியானவர்கள் எந்தக் கூட்டத்தில், யாரோடு வந்தார்கள் என்பது அப்படித்தான் பிடிபடும்.

செம்மண்

எல்லாரும் உருகி உருகி எழுதுகிறீர்கள். ஒன்றைக் கேட்கிறேன். வீட்டில் ஒரு மனைவியைக் கைக்குழந்தைகளோடு விட்டுவிட்டு மூன்று ஆண்டு ஊர் சுற்றிய மனிதர், திரும்பி வந்து இன்னும் இரண்டு பேரை மணக்கிறார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? அந்த மக்கள் போய் இறங்கிய ஆக்டனும் காலி நிலம் இல்லை; ஷோஷோனி மக்களின் நிலம். 1863 ஜனவரி 29 அன்று பேர் என்ற ஆற்றின் கரையில் அந்த மக்களை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். பேரனுக்கு எழுதும் வம்சாவளியில் அந்தப் பக்கமும் வருமா?

வாசாட்ச்_வாசி

வர வேண்டும். அங்கே சுட்டது கர்னல் கானரின் அமெரிக்கப் படை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த மக்களின் மேய்ச்சலையும் விதைத் தானியத்தையும் குடியேறிகள் எடுத்துக்கொண்டதால் வந்த பட்டினிதான் அதற்கு முன்கதை என்பதையும் எழுத வேண்டும். இங்கே முன்னோடிகள் நாளான ஜூலை 24 கொண்டாட்டத்துக்கு வண்டி ஊர்வலம் நடத்துகிறார்கள். இந்தப் பக்கத்தை மெதுவாகத்தான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

பழைய_கணக்கர்

செம்மண் அவர்களே, பெருமைக்காக நான் தேடவில்லை. என் பாட்டனாரைப் பற்றியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லாதவை உண்டு. என்ன நடந்ததோ அதை எழுதுவேன்.

இப்போது என் சிக்கல். மூன்று மனைவியர் என்பது மருமகளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் மரத்தில் அந்த மகன் ஹல்டாவின் பிள்ளை என்று இருக்கிறது. அவர் பிறந்தது 1860-களில். மூவரும் உயிரோடு இருந்த காலம். எதைக் கொண்டு தீர்ப்பது?

ஆவணக்காக்கை

1856-க்கு முன் பிறந்த பிள்ளை என்றால் ஹல்டாவின் பிள்ளைதான், பேச்சே இல்லை. 1860-கள் என்பதால்தான் வேலை.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஊட்டாவின் 1850 கணக்கெடுப்பை 1851-இல்தான் எடுத்தார்கள், அதை நினைவில் வையுங்கள். வயதில் ஓராண்டு இடிக்கும். 1856-இல் ஊட்டா தானாக எடுத்த கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. மாநில அந்தஸ்து கேட்பதற்காக ஆள்கணக்கை ஊதிப் பெருக்கியது அது. இறந்தவர்கள், ஊரிலேயே இல்லாதவர்கள் எல்லாம் இருப்பார்கள். அதை மட்டும் நம்பி ஒன்றும் எழுதாதீர்கள். 1870-இல் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தியே கிடையாது. அது 1880-இல்தான் வந்தது. பலதார மணக் குடும்பங்களில் மனைவியர் தனித்தனி வீட்டில் இருந்தால் ஒவ்வொரு வீட்டையும் தனியாகவே எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் யார் பெயருக்குக் கீழே வருகிறார்கள் என்று பாருங்கள்.

1890 கணக்கெடுப்பு 1921 தீவிபத்தோடு போயிற்று. 1880-க்கும் 1900-க்கும் நடுவில் இருபது ஆண்டு வெற்றிடம். அந்த இருபது ஆண்டில்தான் 1882, 1887 சட்டங்களின் கீழ் பலதார மணக்காரர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மனைவியர் வேறு பெயரில் வேறு ஊரில் ஒளிந்திருந்தார்கள். 1890-இல் சபையே புதிய பலதார மணங்களை நிறுத்துவதாக அறிவித்தது. ஆவணம் மிகவும் தேவைப்படுகிற இடத்தில் ஆவணம் இல்லை. இருப்பவர்களும் உண்மையை மறைக்கக் காரணம் இருந்தது.

அதனால் பின்னாலிருந்து வாருங்கள். ஊட்டாவில் 1904 முதல் மாநில இறப்புச் சான்றிதழ் உண்டு. அதில் இறந்தவரின் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்பார்கள். மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பழைய சான்றிதழ்களின் படமே கிடைக்கும்.

பழைய_கணக்கர்

மகன் உதவியோடு எடுத்துவிட்டேன். அந்த மகன் 1930-களில் இறந்திருக்கிறார். பெயரைப் பொதுவில் போட விரும்பவில்லை, மன்னிக்கவும்.

அச்சிட்ட படிவம், மைப்பேனா எழுத்து. தந்தை ரிச்சர்ட் பாலன்டைன், பிறந்த இடம் ஸ்காட்லாந்து. தாய் மேரி பியர்ஸ், பிறந்த இடம் இங்கிலாந்து. பியர்ஸ் என்ற பெயரில் முதலில் ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் பிறகு மேலே நுழைத்து எழுதியிருக்கிறார்கள். வலப் பக்கம் மருத்துவர் எழுதிய காரணம். இடப் பக்கம் கீழே தகவல் தந்தவர் என்று ஒரு பெண்ணின் கையெழுத்து.

மரத்தில் கிளார்க், சான்றிதழில் பியர்ஸ். தணிக்கையில் இதை 'சரிபார்க்க வேண்டிய வேறுபாடு' என்று எழுதுவோம்.

ஆவணக்காக்கை

அந்தப் பெண் யார்? மகளா, மருமகளா? மருமகள் என்றால் மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயரை அவள் செவிவழியாகவே அறிந்திருப்பாள். இறந்தவருடைய பிறப்பைப் பற்றி இறப்புச் சான்றிதழ் சொல்வது எப்போதும் இரண்டாம் கைச் செய்திதான். ஒரு காகிதத்தோடு நிறுத்தாதீர்கள். உடன்பிறந்தவர்களின் சான்றிதழ்களையும் எடுங்கள். வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆள் தகவல் கொடுத்து, எல்லாவற்றிலும் ஒரே தாய் வந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

நூலகத்_தேனீ

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த ஆவணங்களைத் தேட அந்தச் சபையின் இலவச வம்சாவளித் தளத்தில் கணக்கு தொடங்க வேண்டும் என்கிறார்கள். தொடங்கினால் நம் தாத்தாவுக்கு மார்மன் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள் என்று என் கணவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

வாசாட்ச்_வாசி

இறந்த முன்னோருக்காக உயிரோடு இருக்கும் ஒருவர் நீரில் முழுகி ஞானஸ்நானம் பெறுவது அவர்களுடைய நம்பிக்கை. 1894-இல் வம்சாவளிச் சங்கம் அமைத்ததும், சால்ட் லேக்குக்கு அருகே மலையைக் குடைந்து நுண்படச் சுருள்களைக் காப்பதும் அதற்காகத்தான். ஆனால் தங்கள் சொந்த முன்னோருக்கே செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய விதி. சிலர் மீறியது சர்ச்சை ஆகியிருக்கிறது. கணக்கு தொடங்குவதால் நீங்கள் சபையில் சேர்ந்தவர் ஆகமாட்டீர்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பிறர் பார்க்க முடியாது. மனம் ஒப்பவில்லை என்றால் தாத்தாவின் பெயரை மரத்தில் ஏற்றாமல் ஆவணங்களை மட்டும் பாருங்கள்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: ஹரித்வாரில் பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த யாத்திரிகர் ஏடுகளைப் படம் பிடித்து வைத்திருப்பதும் அவர்கள்தான்.

பழைய_கணக்கர்

தகவல் தந்த பெண் இறந்தவரின் மகள்தான் என்று சம்பந்தி வீட்டுப் பைபிளில் உள்ள பெயர்களிலிருந்து தெரிந்தது. காக்கை அம்மா சொன்னபடி உடன்பிறந்தவர்களில் இருவருடைய சான்றிதழ்களும் கிடைத்தன. ஒன்று ஆக்டன், இன்னொன்று வேறு மாவட்டம். தகவல் தந்தவர்கள் வேறு வேறு. இரண்டிலும் தாய் மேரி பியர்ஸ்.

ஆகவே என் மருமகள் இரண்டாம் மனைவியின் வழி.

சம்பந்தியம்மாளிடம் காணொளி அழைப்பில் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டார். தன் பாட்டி சிறுவயதில், யார் கேட்டாலும் ஹல்டா பாட்டி என்றே சொல் என்று பழக்கியிருந்தாராம். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லையாம். அரசாங்கம் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், சட்டப்படி செல்லுகிற ஒரே மனைவியின் பெயருக்குக் கீழே எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துவிடுவது பத்திரம் என்று நினைத்திருப்பார்கள். அது அப்படியே படமாகிச் சுவருக்கு வந்துவிட்டது.

இப்போது அவருக்கு மேரியைப் பற்றித் தெரிய வேண்டுமாம். எனக்கோ ஹல்டாவின் மேல்தான் மனம் நிற்கிறது. நமக்கு ரத்த சம்பந்தம் இல்லை என்றாகிவிட்டது, இருந்தாலும் செம்மண் அவர்கள் கேட்டது உறுத்துகிறது. 1852 அக்டோபர் முதல் 1855 செப்டம்பர் வரை அந்தப் பெண் எப்படிச் சமாளித்தாள்?

ஆவணக்காக்கை

கணவரின் நாட்குறிப்பில் அவள் கடிதமாக மட்டுமே வருவாள். பதிலுக்கு அவள் எழுதியதைவிட அவர் எழுதியதுதான் பத்திரமாக இருக்கும். அதனால் அண்டை வீட்டுக்குப் போங்கள்.

பாலன்டைனின் சகோதரி ஜேன் 1844 பிப்ரவரியில் ஜான் டெய்லரை மணந்தார். டெய்லர் பிற்காலத்தில் சபையின் மூன்றாம் தலைவர். அவர்களும் அதே பதினான்காம் வட்டத்தில் குடியிருந்தவர்கள். டெய்லரும் ஊரில் தங்காத ஆள். 1849 முதல் 1852 வரை ஐரோப்பா, 1854-இல் மறுபடி நியூயார்க். நாத்தனாரும் சகோதரன் மனைவியும் அருகருகே, இருவரின் கணவரும் கடல் கடந்தும் மலை கடந்தும். வட்டத்தின் பதிவேடுகள், தசமபாகக் கணக்குகள் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுத்த கணக்கு) இவற்றில் ஹல்டாவின் பெயர் தானியமாகவோ வெண்ணெயாகவோ வரும். அந்த ஊரில் காசு புழக்கம் குறைவு. பொருளாகத்தான் கொடுத்தார்கள், பொருளாகத்தான் வாங்கினார்கள். ஊழியத்துக்குப் போனவரின் வீட்டுக்கு எவ்வளவு போயிற்று என்பதும் அதில் தெரியும்.

ஜேனின் மகள் ஆனி டெய்லர் ஹைட் 1901-இல் ஊட்டா முன்னோடிகளின் மகள்கள் என்ற அமைப்பைத் தொடங்கியவர். பாலன்டைனுக்கு மருமகள் முறை. அந்த அமைப்பின் அருங்காட்சியகம் சால்ட் லேக்கில் இருக்கிறது. முன்னோடிகளின் வாழ்க்கைக் குறிப்புகளைக் குடும்பத்தாரிடம் வாங்கிக் கோப்புகளாகச் சேர்த்திருக்கிறார்கள். புகழ்மாலை மிகுதியாகத்தான் இருக்கும். ஆனாலும் பெண்களைப் பற்றி எழுதவேண்டும் என்று உட்கார்ந்து எழுதியது அங்கேதான் அதிகம்.

வடமராட்சியான்

ஸ்காட்லாந்துப் பக்கம் யாரும் தொடவில்லையே? 1855-க்கு முன் அங்கே அரசாங்கப் பிறப்புப் பதிவு இல்லை, திருச்சபை ஏடுகள்தான். இந்தக் குடும்பம் அரசுத் திருச்சபையை விட்டுப் பிரிந்த பிரஸ்பிட்டேரியன் பிரிவைச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்களின் ஞானஸ்நானம் ஊர்த் திருச்சபை ஏட்டில் இல்லாமல் போவது சாதாரணம். இல்லை என்றதும் பிறக்கவே இல்லை என்று முடிவு செய்யாமல், பிரிந்த சபைகளின் ஏடுகளையும் தேடச் சொல்லுங்கள். ஒரு வசதி உண்டு: ஸ்காட்லாந்தில் திருமணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதுவார்கள். ஆன் பானர்மன் என்று தாயைத் தேடுவது, ஆன் பாலன்டைன் என்று தேடுவதைவிடச் சீக்கிரம் பலன் தரும். பாலன்டைன் என்ற பெயரையும் ஒரே மாதிரி எழுதியிருக்கமாட்டார்கள். கடைசி எழுத்துக்களை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

செம்மண்

கணக்கர் ஐயா, ஹல்டாவைத் தேடுகிறேன் என்று சொன்னதற்கு நன்றி. என் பதிவின் தொனி சற்றுக் கடுமை. கருத்தில் மாற்றம் இல்லை.

கறுப்பர்_நகரம் (சென்னை)

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எனக்கு வேறு வேலை இருக்கிறது. பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். 1853 ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் முதல் வாரத் தாள்கள் அங்கே இருந்து, கையில் எடுத்தால் உதிராத நிலையிலும் இருந்தால், ஜான் பிரைட்மேன் வரத்தைப் படியெடுத்து இங்கே போடுகிறேன். இல்லையென்றால் கன்னிமாரா நூலகத்திலும் ரோஜா முத்தையா நூலகத்திலும் ஆங்கிலப் பஞ்சாங்கங்களைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் நடத்திய மாத இதழின் மெட்ராஸ் பிரதி எதுவும் இங்கே தங்கியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வாசாட்ச்_வாசி சால்ட் லேக் நூலகத்தில் கேட்டு, அச்சகத்தின் பெயரும் தெருவும் இதழில் இருந்தால் அனுப்புங்கள். தெரு கிடைத்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசாட்ச்_வாசி

வியாழக்கிழமை போகிறேன். நாட்குறிப்பின் மெட்ராஸ் பகுதியையும் கேட்டுவைக்கிறேன். கணக்கர் ஐயா, மேரி பியர்ஸ் 1855 பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்தீர்களா?

பழைய_கணக்கர்

மருமகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை தூங்கும் நேரம்தான் அவளுக்குக் கிடைக்கிறது. பியர்ஸ் என்ற பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டு என்று கேட்கச் சொன்னாள்.